நூறு எண்ணச் சொன்னாள் அண்ணி

"பாப்பா, மனசுக்குள்ள நூறு வரைக்கும் எண்ணு. அப்புறமாக் கத்து."

என் காதோரம் குனிந்து அண்ணி இப்படித்தான் சொன்னாள். சொல்லிவிட்டு என் விரல்களுக்குள் கோத்திருந்த தன் விரல்களை உருவிக்கொண்டாள்.

கொடைக்கானலில், மலையின் விளிம்பை ஒட்டிப் போகும் ஒரு நடைபாதையில் நின்றுகொண்டிருந்தோம். காலை ஒன்பது மணி இருக்கும். வானம் தெளிந்திருந்தால் அங்கிருந்து கீழே பெரியகுளம் வரைக்கும் தெரியும், அதைப் பார்க்காமல் ஊருக்குப் போகாதீர்கள் என்று நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளை. பாதி வழியில் மூடுபனி வந்து கவிந்துகொண்டது. நீட்டிய கை முழங்கைக்கு அப்பால் தெரியவில்லை. முன்னால் போன அப்பாவும் அண்ணனும் பேசுவது மட்டும் கேட்டது. பின்னால் எங்கேயோ அம்மா, "என்னடி இது, ஊருக்கே சாம்பிராணி போட்டாப்புல" என்று முனகிக்கொண்டு வந்தாள்.

அண்ணி ஒதுங்கப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். ஆண்கள் கூட வரும்போது பெண்களுக்கு வழியில் வரும் அவஸ்தை அது. கத்தச் சொன்னது மட்டும் புரியவில்லை. ஆனாலும் எண்ணினேன். எனக்கு அப்போது பதினாறு வயது. சொன்னதைச் செய்யும் பழக்கம் உள்ள பெண்.

அறுபதைத் தாண்டும்போது செடிகள் சலசலத்த மாதிரி இருந்தது. நூறு வந்தது. "அண்ணி" என்று மெதுவாகக் கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னொரு தரம் கூப்பிட்டேன். இரண்டடி எடுத்து வைத்தேன். என் செருப்புக்கு முன்னால் பாதை முடிந்து, புல்லும் முடிந்து, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லாமல் இருந்தது.

அப்போதுதான் கத்தினேன். அவள் சொன்னதற்காகக் கத்தவில்லை.

இந்தத் தொடரில் இதுவரை எங்கள் ஊர் முந்திரிக்காட்டைப் பற்றியும், என் கல்யாணத்தைப் பற்றியும், இன்னும் எது எதைப் பற்றியோ எழுதிவிட்டேன். இதை மட்டும் மூன்று வாரமாகத் தள்ளிப்போட்டேன். அன்றைக்கு அந்தப் பாதையில் வந்தவர்களில் அப்பா, அம்மா, அண்ணன் மூவரும் இன்று இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

காலண்டர் படம்

நாங்கள் அந்த மலைக்குப் போனதே ஒரு காலண்டரால்தான்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். உடையார்பாளையத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர். முந்திரியும் நிலக்கடலையும் விளையும் செம்மண். அப்பா கடலை விஷயமாக அரியலூர் மண்டிக்குப் போயிருந்தபோது, மண்டிக்காரர் வீட்டுச் சுவரில் ஒரு படத்தைப் பார்த்தார். ஏரி, படகு, படகில் குடை பிடித்த வெள்ளைக்காரப் பெண்.

"இது எந்த ஊருங்க?" என்று அப்பா கேட்டிருக்கிறார்.

"கொடைக்கானலு. அதெல்லாம் துரைமாருங்க போற எடம். நம்ம ஒடம்புக்கு ஒத்துக்காது" என்றிருக்கிறார் மண்டிக்காரர்.

அந்த 'ஒத்துக்காது' அப்பாவைக் குத்திவிட்டது. வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்துக்கொண்டே, "ஒடம்புல என்ன வித்தியாசம் இருக்கு? அவனுக்கும் ரெண்டு கால்தான்" என்று நாலைந்து நாள் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா சட்டை செய்யவில்லை. அண்ணன் சிரித்தான். அண்ணி மட்டும்தான் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, அந்த ஊர்ல ஒரு முருகன் கோயிலு இருக்குதாம். அங்க போயி வேண்டிக்கிட்டா புள்ள பொறக்குமாம்."

கல்யாணமாகி மூன்றாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. அம்மாவை அசைக்க அந்த ஒரு வார்த்தை போதும். மறு வாரமே பயணம் முடிவாகிவிட்டது.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்கள் வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து அண்ணி வாய் திறந்து எதையும் கேட்டதே இல்லை. சோறு போதுமா என்று கேட்டால்கூடப் பாத்திரத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள்.

அவள் பெயர் தனபாக்கியம். ஏலாக்குறிச்சிப் பக்கம் கொள்ளிடக் கரை ஊர். அப்பா இல்லை, தாய் மட்டும்தான். மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். எங்கள் வீட்டுப் பெண்களில் அவளுக்குத்தான் எழுத்துக் கூட்டாமல் படிக்க வரும்.

என் அண்ணன்

அண்ணன் தங்கவேலுவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஜெயங்கொண்டம் சந்தைக்குப் போனால் எனக்கு ரிப்பன் வாங்காமல் வரமாட்டான். காய்ச்சலில் நான் கிடந்தபோது இளநீரைத் தானே சீவி, தானே புகட்டினான். எனக்கு அவன் அப்படிப்பட்ட அண்ணன்.

ஒரு நாள் அண்ணி சமையற்கட்டில் உட்கார்ந்து, வெல்லம் கட்டி வந்த பழைய பத்திரிகைத் தாளைப் பிரித்து நீவி, எறும்பை ஊதிவிட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். வயலிலிருந்து வந்த அண்ணன், "உங்க அண்ணி எங்க பாப்பா?" என்று கேட்டான். "உள்ள காயிதம் படிச்சிக்கிட்டிருக்காங்க" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. அண்ணன் காலைக்கூடக் கழுவவில்லை. அண்ணியின் மயிரைப் பிடித்து மாட்டுக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனான். அங்கே மாட்டுக்கு வைத்திருந்த சாட்டை தொங்கும். எவன் எழுதின காகிதம் என்று அவன் கேட்பது வாசல் வரை கேட்டது. அது வெல்லத் தாள் என்று அவள் சொன்னதும் கேட்டது. அம்மா உரலில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டுவதை அவள் நிறுத்தவில்லை.

அது முதல் தடவையும் இல்லை, கடைசியும் இல்லை. குழம்பில் உப்பு, தண்ணீர் கொண்டுவரத் தாமதம், வேலியோரம் யாரையோ பார்த்துச் சிரித்தாள், ஏதாவது ஒன்று. எங்கள் தெருவில் பல வீடுகளில் கேட்ட சத்தம்தான். அதைத் தப்பு என்று நினைக்க எனக்கு யாரும் காட்டித்தரவில்லை. அன்றைக்குத்தான், நான் சொன்ன சொல்லால் விழுந்த அடி என்பதால், உறுத்தியது.

மறுநாள் கிணற்றடியில், "நான் தெரியாமச் சொல்லிப்புட்டேன் அண்ணி" என்றேன்.

ரவிக்கைக்குக் கீழே கையில் கன்றிப்போன கோடு தெரிந்தது. அதை முந்தானையால் மூடிக்கொண்டு, "தெரியும் பாப்பா. நீ போயி மாட்டுக்குத் தண்ணி காட்டு" என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை.

உறைந்த எண்ணெய்

அந்தப் பயணம் நன்றாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

அரியலூர் வரை கரி பஸ்ஸில் போனோம். பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு என்று பஸ்ஸுக்குப் பின்னால் அடுப்பைக் கட்டிக் கரி போட்டு ஓட்டிய காலம் அது. இறங்கும்போது ஐந்து பேர் மூக்கும் கறுத்திருந்தது. அங்கிருந்து ரயில், அப்புறம் மலை ஏறுகிற பஸ். திருப்பத்துக்குத் திருப்பம் அம்மா வாந்தி எடுத்தாள். அண்ணி எலுமிச்சம்பழத்தை அவள் மூக்கில் பிடித்துக்கொண்டே வந்தாள். பாதி மலையில் பாறை மேலிருந்து ஒரு அருவி வெள்ளித் தகடாய்ச் சரிந்து விழுந்தது. அப்பா பஸ்ஸுக்குள் எழுந்து நின்று, "பாருங்க, பாருங்க" என்று எல்லாருக்கும் காட்டினார், அவரே கொண்டுவந்து வைத்த மாதிரி.

கடைவீதிக்குப் பின்னால் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கினோம். காலையில் எழுந்து பார்த்தால் தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் வெள்ளையாக இறுகிக் கிடந்தது. அம்மா புட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள். "எண்ணெய் செத்துப்போச்சுடி" என்றாள் பயந்துபோய். வீட்டுக்கார அம்மா சிரித்துக்கொண்டே அதை அடுப்போரம் வைத்தாள். முகம் கழுவத் தண்ணீரை அள்ளினால் விரல்களில் ஊசி இறங்கியது. பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. நானும் அண்ணியும் ஒருவர் முகத்தில் ஒருவர் புகை விட்டுச் சிரித்தோம்.

ஆளுக்கொரு கம்பளி வாங்கிக்கொண்டோம். பழுப்பு நிறம், ஆட்டு மணம் அடிக்கும் முரட்டுக் கம்பளி. அதைப் போர்த்திக்கொண்டு ஏரிக்குப் போனோம். அப்பா காலண்டரில் பார்த்த அதே ஏரி. படகில் ஏற அம்மா மாட்டேன் என்றுவிட்டாள். அப்பா ஏறி நடுவில் உட்கார்ந்து, இரண்டு பக்கத்துப் பலகையையும் இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணைக்கூட அசைக்காமல் வந்தார். அதைப் பார்த்து அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவளுடைய பல்வரிசையை அன்றைக்குத்தான் முழுதாகப் பார்த்தேன். அண்ணனும் சிரித்தான். அவன் கையால் ஏரித் தண்ணீரை அள்ளி அவள் மேல் தெளித்தான். இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்தேன்.

மறுநாள் முருகன் கோயிலுக்குப் போனோம். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். "நல்லா வேண்டிக்கம்மா" என்றாள் அம்மா. "வேண்டிக்கிட்டேன் அத்தை" என்றாள் அவள். திரும்பி வரும் வழியில் பூந்தோட்டம் பார்த்தோம். ஊரில் கண்டிராத பூக்கள், ஒன்றிலும் மணம் இல்லை. யூகலிப்டஸ் மரத்தடியில் இலையைக் கசக்கி முகர்ந்துகொண்டே அண்ணி வீட்டுக்கார அம்மாவின் மகளிடம் ஏதேதோ கேட்டுக்கொண்டு நடந்தாள். கீழே போகிற பஸ் காலையில் எத்தனை மணிக்கு என்பதும் அவள் கேட்டவற்றில் ஒன்று. அது என் காதில் விழுந்தது. மனதில் விழவில்லை.

மூன்றாம் நாள் காலைதான் அந்த நடைபாதை.

நூறுக்குப் பிறகு

என் சத்தத்தைக் கேட்டு அப்பாவும் அண்ணனும் ஓடி வந்தார்கள். "அண்ணி... அண்ணியக் காணோம்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அம்மா கையால் தடவிக்கொண்டே வந்து என் தோளைப் பிடித்தாள்.

சற்று நேரத்தில் பனி ஒரு முழம் விலகியது. பாதைக்குக் கீழே, ஆள் உயரத்துக்குச் சரிந்து போன இடத்தில் ஒரு முட்செடி. அதன் மேல் அண்ணியின் கம்பளி விரிந்து கிடந்தது. அதற்குக் கீழே புகை மாதிரிப் பனி சுழன்றது.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் அந்த விளிம்புக்குப் போகவே இல்லை. நாலடி தள்ளி நின்று, "எப்படி விழுந்தா? நீ கூடத்தானே இருந்த? எப்படி விழுந்தா?" என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தான்.

"கைய விட்டுட்டாங்க" என்றேன். நூறு எண்ணச் சொன்னதை நான் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. சாவதற்குத்தான் அவள் நேரம் கேட்டாள், நான் வாயை மூடிக்கொண்டு நின்று அதைக் கொடுத்துவிட்டேன் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஐம்பதில் கத்தியிருந்தால் பிடித்திருக்கலாமோ, இருபதிலேயே கத்தியிருந்தால்?

ஆட்கள் கூடினார்கள். போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. மலைவாசிகள் மூன்று பேர் கயிறு கட்டி இறங்கிப் பார்த்தார்கள். சாயங்காலம் ஏறி வந்து, கீழே ஒரே காடு, ஒன்றும் தெரியவில்லை, மிருகங்கள் நடமாட்டம் உண்டு என்று கையை விரித்தார்கள். அந்தக் கம்பளியை மட்டும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதில் பனி ஊறிக் கனத்திருந்தது. அன்று முழுக்க எனக்குப் பல் கிட்டிக்கொண்டே இருந்தது. குளிர் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

கண்டக்டர் வந்தார்

மறுநாள் சாயங்காலம் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். மலைக்கும் கீழுக்கும் போய்வரும் பஸ்ஸின் கண்டக்டர். அப்போதுதான் பஸ் மேலே வந்திருந்தது.

"ஐயா, ஸ்டாண்டுல பேசிக்கிட்டாங்க. உங்க வூட்டு மருமவ விழுந்துட்டதா. அரக்குக் கலர் சேலையா கட்டியிருந்தாங்க? ரெண்டு பக்கமும் மூக்குத்தியா?"

அம்மா தலையாட்டினாள்.

"அப்படின்னா அவங்க விழலைங்க. நேத்துக் காலையில என் பஸ்ஸுலதான் கீழ வந்தாங்க. மேல போர்த்திக்கக்கூட ஒண்ணுமில்ல, வெடவெடன்னு நடுங்கிக்கிட்டிருந்தாங்க. இஞ்சின் சூடு படட்டும்னு நான்தான் முன்சீட்டுல உட்கார வெச்சேன். வத்தலக்குண்டுல எறங்கிட்டாங்க. பயப்படாதீங்கன்னு சொல்லத்தான் ஓடியாந்தேன்."

அண்ணி சாகவில்லை! எழுந்து அவர் காலில் விழலாம் போல இருந்தது. "அப்பா!" என்று கத்தியேவிட்டேன். அப்பா என் பக்கம் திரும்பவில்லை.

"நீங்க வேற யாரையோ பாத்திருக்கீங்க" என்றார் அப்பா.

"இல்லீங்கய்யா, நான் நல்லா..."

"எங்க மருமவ விழுந்துட்டா. போலீஸ்ல எழுதியாச்சு. நீங்க போயிட்டு வாங்க."

கண்டக்டர் அப்பாவைப் பார்த்தார். அப்புறம் மூலையில் நின்ற அண்ணனைப் பார்த்தார். அண்ணனின் முகம் எப்படி இருந்ததென்றால், அதற்குப் பிறகு அந்த மனிதர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "சரிங்க. நான்தான் தப்பாப் பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

அவர் தலை மறைந்ததும் அண்ணன் பாய்ந்தான். "நான் இப்பவே வத்தலக்குண்டு போறேன். மயிரப் புடிச்சு இழுத்துட்டு வரேன்."

"இழுத்துட்டு வந்து?" என்றார் அப்பா. குரலை உயர்த்தவே இல்லை. "ஓடிப்போனவள வூட்டுல வெச்சுக்கிட்டு சோறு போடுவியா? ஊரு காறித் துப்பும். பாப்பாவுக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்? விழுந்தவளுக்குப் பரிதாபப்படுவான். ஓடினவளுக்கு? அவ விழுந்துட்டா. அவ்வளவுதான்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவளாவது ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் உனக்காகத்தாண்டி. வாயத் தொறக்காத" என்றாள்.

மலையில் அண்ணி மறைந்தபோது எனக்கு ஏற்பட்டது பயம். இது வேறு. உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்த பிறகு, பகல் வெளிச்சத்தில், எனக்குப் பால் சோறு ஊட்டி வளர்த்தவர்கள் அவளைக் கொன்றார்கள். அதுவும் என் பெயரைச் சொல்லி.

தர்ப்பையில் ஒரு பெண்

ஊருக்குத் திரும்பினோம். பஸ்ஸில் ஒரு இடம் காலியாக இருந்தது.

உடல் கிடைக்காமல் போனவர்களுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து எரிப்பது உண்டு என்று அதுவரை எனக்குத் தெரியாது. வாசலில் பாய் விரித்து அந்த உருவத்தைக் கிடத்தினார்கள். அண்ணியின் கூறைப்புடவையைச் சுற்றினார்கள். சுமங்கலியாகப் போனவள் என்று அம்மா குனிந்து, முகமே இல்லாத அந்தப் புல்லில் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள். தெருப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து மாரடித்தார்கள். அண்ணன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தான். நான் கொல்லைக்கு ஓடினேன்.

அன்றைக்கு அண்ணியின் தாயார் வந்திருந்தாள். அத்தை என்றுதான் நான் கூப்பிடுவது. ஒல்லியான உடம்பு, நரை ஓடிய தலை. ஆள் அனுப்பிச் சொன்னதும் அப்படியே கிளம்பி வந்தவள். மகளைப் பறிகொடுத்த தாய் எப்படி அழுவாள் என்று பார்க்கக் கூட்டம் காத்திருந்தது. அவள் அழவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பாயில் கிடந்த புல்லைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். அப்புறம் நேராக என்னிடம் வந்து என் முகவாயைப் பிடித்துத் தூக்கி, "நீதான் கூட இருந்தியாமே. என்ன பாத்த?" என்றாள்.

அவளுக்குப் பின்னால் அம்மா நின்றாள்.

"பனியா இருந்துது அத்தை. ஒண்ணும் தெரியல" என்றேன்.

அத்தை என் முகவாயை விட்டுவிட்டாள். துக்கத்தில் கல்லாகிவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். சாப்பிடாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல், அன்றே திரும்பிப் போய்விட்டாள்.

பதினாறாம் நாள்

அத்தை கருமாதிக்கு மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை தெருமுனையில் கால் வைத்தபோதே அழத் தொடங்கிவிட்டாள். "என்னப் பெத்த ராசாத்தி, மலையில போட்டுட்டு வந்தாங்களே" என்று வாசல் வரை புரண்டு புரண்டு அழுதாள். பார்த்தவர்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்தார்கள். கல் உடைந்துவிட்டது, இனி பயமில்லை என்றார்கள்.

என்னால் தாங்க முடியவில்லை. அவள் அழுவது உயிரோடு இருக்கிறவளுக்காக என்பது எனக்குத் தெரியும். என் கல்யாணம் நின்றாலும் நிற்கட்டும், அப்பா வெட்டிப் போட்டாலும் போடட்டும் என்று தோன்றியது. அவள் முகம் கழுவக் கொல்லைப்பக்கம் போனபோது பின்னாலேயே போனேன். வைக்கோல்போர் மறைவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். நூறு எண்ணச் சொன்னது, கம்பளி, கண்டக்டர், அப்பா சொன்னது, எல்லாம்.

"அண்ணி சாகல அத்தை. சத்தியமாச் சாகல."

அத்தையின் கண்ணில் நீர் நின்றுவிட்டது. சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள்.

"தெரியும்" என்றாள்.

எனக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகமாகிவிட்டது.

"போன ஆடிக்கு வந்தப்ப முதுகக் காட்டினா. ஏண்டி, நான் பெத்தது தோல உரிக்கவான்னு நெனச்சேன். அவளுக்குப் பள்ளிக்கூடத்துல பாடம் சொன்ன மடத்து அம்மா ஒருத்தங்க இப்ப அந்த மலைப் பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரியில இருக்காங்க. ஏலாக்குறிச்சியிலேருந்து அவங்களுக்கு எழுதச் சொன்னது நான்தான். எப்படியாச்சும் மலை வரைக்கும் வந்துடு, அப்புறம் நீ பாத்துக்கன்னு சொல்லி அனுப்பினதும் நான்தான். ஓடிப்போனா தேடுவாங்க. செத்துட்டாத் தேடமாட்டாங்க. அது அவளே யோசிச்சது."

"அப்ப அன்னிக்கு நீங்க ஏன் அழல?"

அத்தை என்னைப் பார்த்த பார்வையை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

"அன்னிக்கு எனக்கு என்ன தெரியும்? போட்ட திட்டப்படி போனாளா, நெசமாவே கால் சறுக்கி விழுந்தாளான்னு எனக்கு யாரு சொல்றது? அதத்தான் உன்கிட்ட கேட்டேன். பனின்னு சொன்ன. 'நீங்கள் அனுப்பிய புடவை பத்திரமாக வந்து சேர்ந்தது'ன்னு நாலு நாளைக்கு முன்னாடிதான் அந்த ஆஸ்பத்திரியிலேருந்து கார்டு வந்துது. அது வர்ற வரைக்கும், எம் புள்ளைய நானே மலையிலேருந்து தள்ளிவிட்டுட்டேன்னு நெனச்சுக்கிட்டுத்தான் கெடந்தேன். தண்ணி எறங்கல. ஆத்துல போயி எறங்கிடலாம்னு ரெண்டு தரம் கரை வரைக்கும் போனேன். பஸ்ஸுல ஏறினத ஒருத்தர் பாத்தாருன்னு நீ அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா பாப்பா? காதுல ஒரு வார்த்தை?"

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த நாட்களில் நான் சாப்பிட்டிருந்தேன், தூங்கியிருந்தேன், என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று புதுப் புடவைகூட உடுத்திப் பார்த்திருந்தேன். கொள்ளிடக் கரையில் ஒருத்தி ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அப்பாவும் அம்மாவும் செய்ததைக் கண்டு பதறியவள் நான். நான் செய்தது அதுவரை எனக்குத் தெரியவில்லை.

அத்தை முகத்தில் தண்ணீரை அடித்துக் கழுவினாள். கூந்தலை அவிழ்த்து மறுபடி கலைத்துக்கொண்டாள்.

"எழுந்திரு. நான் உள்ள போயி அழணும். இன்னிக்கி அழலைன்னா ஒருத்தனுக்கு இல்லைன்னா ஒருத்தனுக்குச் சந்தேகம் வரும். இனிமே அவ என் வூட்டு வாசப்படி ஏற முடியாது. ஒரு நல்லது கெட்டதுக்கு வர முடியாது. அத நெனச்சா அழுகை தானா வருது. நடிக்கக்கூட வேண்டியதில்ல."

அதன் பிறகு அத்தை இருந்தவரை வருஷத்துக்கு ஒரு தரம் பழநிக்குப் போகிறேன் என்று கிளம்பிப் போய்ப் பத்து நாள் கழித்து வருவாளாம். அவள் மொட்டை போட்டுக்கொண்டு வந்ததை யாரும் பார்த்ததில்லை. அண்ணனுக்கு ஆறே மாதத்தில் வேறு பெண் பார்த்தார்கள். எனக்கும் கல்யாணம் ஆனது, நல்ல இடம் என்று எல்லாரும் சொன்னார்கள். தனபாக்கியம் அண்ணியை நான் மறுபடி பார்க்கவே இல்லை. எத்தனை வருஷம் இருந்தாள், எப்படி இருந்தாள், எனக்குத் தெரியாது.

அன்றைக்கு வைக்கோல்போரிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் தனித்தனியாக வந்தோம். அத்தை முன்னால் போய்ப் பெண்கள் நடுவில் விழுந்து மார்பில் அறைந்துகொண்டாள். நான் வாசற்படியில் நின்றேன். அப்பா பந்தலில் உறவினர்களோடு பேசிக்கொண்டிருந்தார். அண்ணன் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். அம்மா என்னைக் கண்ணாலேயே உள்ளே போகச் சொன்னாள்.

நான் நேராகப் போய் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அண்ணி, எங்கள விட்டுட்டுப் போயிட்டீங்களே, இனிமே வரவே மாட்டீங்களே" என்று ஓலமிட்டேன். என் பதினாறு வயதில் அத்தனை சத்தமாக நான் அழுததில்லை. பேச்சை நிறுத்திவிட்டு அப்பா திரும்பிப் பார்த்தார். பந்தலில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள்.

"பாவம், இந்தப் பொண்ணுக்கு அண்ணி மேல எவ்வளவு பாசம்" என்றாள் யாரோ ஒருத்தி.

இன்னும் உரக்க அழுதேன்.